கழித்தலும் துறத்தலும்

இல்வாழ்வார் பலர் இக்காலத்து ஒரு குறையினை அடிக்கடி எடுத்துரைப்பர். "வீடு நிறையப் பண்டங்கள் கிடக்கின்றன, வேண்டிய பொழுது வேண்டியது கைக்கு அகப்படுவதில்லை" என்பதே அது. பரண்மேல் பாட்டனார் காலத்துப் பித்தளைப் பாத்திரங்கள். பேழைகளில் ஆண்டுக்கணக்காக உடுத்தப்படாத ஆடைகள். மேசையறைகளில் பழுதுற்ற கைப்பேசிகளும் அவற்றின் மின்கம்பிகளும். மூலைதோறும், பின்னர் உதவும் என்று வைத்த அட்டைப்பெட்டிகளும் பிளாஸ்டிக் டப்பாக்களும். பூசையறையிலோ ஆண்டுதோறும் வந்து சேர்ந்த நாட்காட்டிப் படங்கள். இவற்றைக் கழித்து இல்லத்தை ஒழுங்குசெய்தல் வேண்டும் என்னும் விருப்பம் எல்லார்க்கும் உண்டு. ஆயினும், கையிலெடுத்த பொருளை விடுதற்கு மனம் இசைவதில்லை.

இதனை வீட்டு வேலை பற்றிய சிறு செய்தி என்று ஒதுக்குதல் பொருந்தாது. ஒரு பொருளை எடுத்து, "இஃது இருப்பதா, கழிவதா?" என்று எண்ணும்பொழுது, உயிர்க்கும் உலகப் பொருளுக்கும் உள்ள தொடர்பு யாது என்னும் வினாவே நம்முன் வந்து நிற்கின்றது. ஒரு சாரார், "ஈட்டிய பொருளைக் காத்தல் இல்லறத்தான் கடமை, கழித்தல் பொருளருமை அறியாமை" என்பர். மற்றொரு சாரார், "பொருள் யாவும் பந்தம், எறிந்துவிடுதலே துறவு" என்பர். இவ்விரு கூற்றும் உண்மையின் ஒவ்வொரு பகுதியையே பற்றி நிற்பன என்பதும், கழித்தல் வேறு, துறத்தல் வேறு என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் பொருளின் இயல்பினை நோக்குவாம். தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் மாயையின் காரியங்கள் என்பது சித்தாந்த நூல்களின் துணிபு. நம் இல்லத்துப் பண்டங்கள் யாவும் இவற்றுள் அடங்கும். ஆணவ இருளிற் கிடந்த உயிர் சிறிது அறிவு விளங்கப்பெற்று, இருவினைப் பயனை நுகர்ந்து, பக்குவம் எய்துதற்பொருட்டே இறைவன் இவற்றைக் கூட்டுவித்தனன். பதினான்காம் நூற்றாண்டினராகிய உமாபதி சிவாசாரியார் தம் திருவருட்பயனில் மாயையின் காரியத்தை, இரவு நீங்குமட்டும் துணைசெய்யும் விளக்கினோடு உவமித்துக் காட்டினர்.

இவ்வுவமையால் இரண்டு உண்மைகள் பெறப்படும். விளக்கு நமக்குப் பகையன்று. ஆதலின் அதனை உடைத்தெறிதல் அறிவுடைமை ஆகாது. இஃதொன்று. விளக்கு ஏற்றுதற்கு உரியதேயன்றி அடுக்கி வைத்தற்கு உரியதன்று. ஓர் அறையில் நூறு விளக்குகளை ஏற்றாது அடுக்கி வைத்திருப்பவனும் இருளிலேயே இருப்பான். இது மற்றொன்று. பயன்படாது கிடக்கும் பண்டம் ஏற்றப்படாத விளக்கே. அதனாற் கேடில்லையேல் நன்மையும் இல்லை. கால் தடுக்குமாயின் கேடும் உண்டு.

"அற்றேல், உயிரைப் பிணிப்பது யாது?" எனின், பொருளின்மேல் நாம் ஏற்றிய "எனது" என்னும் உணர்வே என்க. இதனைப் பெரியபுராணத்து அமர்நீதி நாயனார் வரலாறு நன்கு தெளிவிக்கும். பழையாறையில் வணிகர் குலத்துத் தோன்றிய அவர், திருநல்லூரில் திருமடம் அமைத்து அடியார்க்கு அமுதளித்துக் கோவணமும் கொடுத்துவந்தார். பிரமசாரி வடிவில் வந்த பெருமான் கோவணம் ஒன்றை அவர்பால் அடைக்கலமாகத் தந்து நீராடச் சென்று, அது மறையுமாறு செய்து, மீண்டு வந்து அதற்கு ஈடு கேட்டருளினான். துலையின் ஒரு தட்டில் பெருமானுடைய மற்றொரு கோவணம் இடப்பட்டது. மறுதட்டில் ஆடைப்பொதிகளும் பொன்னும் பிறவும் மேன்மேல் ஏற்றப்பட்டன. தட்டு நேர்படவில்லை. மனைவியாரோடும் புதல்வரோடும் நாயனார் தாமும் ஏறியபொழுதே அது நேர்நின்றது.

இவ்வரலாற்றின் உட்பொருள்கள் பல. நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவது ஒன்று. பொதிகள் அனைத்தும் வணிகருடைய உடைமை. கோவணம் ஒன்றே அடைக்கலம். உடைமை எத்துணை ஏறினும் அடைக்கலத்தின் எடைக்கு வாராது. தம்மையே கொடுத்தபின் நாயனார்க்கு "எனது" என்று சொல்லுதற்கு ஒன்றும் எஞ்சவில்லை. அப்பொழுதே தட்டு நேர்நின்றது. ஆகவே, நம் இல்லத்துப் பண்டங்களையும் இறைவன் நம்பால் வைத்த அடைக்கலம் என்று கொள்ளுதலே சைவர்க்கு உரிய நெறியாகும். "எனது" என்பான் குவிப்பான், குவித்தபின் மறப்பான். அடைக்கலம் என்பான் எண்ணுவான், காப்பான், உரிய காலத்தில் உரியவரிடம் சேர்ப்பான்.

இவ்வேறுபாடு நம் நாட்டுக் கல்வெட்டுக்களிலும் விளங்கக் காணலாம். முதலாம் இராசராசன் (985–1014) எடுப்பித்த தஞ்சைப் பெருவுடையார் திருக்கோயிலில், பெருமானுக்கு வழங்கப்பெற்ற அணிகலன்கள் ஒவ்வொன்றும் கல்லில் எழுதப்பட்டுள்ளன. பொன்னை நிறுத்தற்கு ஆடவல்லான் என்னும் பெயருடைய கல் இருந்தது. மணிகளை நிறுத்தற்குத் தக்ஷிணமேருவிடங்கன் என்னும் பெயருடைய கல் இருந்தது. முத்துக்களின் எண்ணும் வகையும் குறிக்கப்பட்டன. கோத்த சரடு எடையில் நீங்கியதா, அரக்கு எடையில் அடங்கியதா என்பதும் விடப்படவில்லை. பேரரசனுக்கு இத்துணை நுணுக்கம் எதற்கு? அப்பொருள் தன்னுடையது அன்று என்பதை அவன் அறிந்திருந்தான். பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவனே கணக்கு எழுதுவான். தன் வீட்டில் எத்தனை போர்வைகள் உள்ளன என்று ஒருவன் அறியாதிருத்தற்குக் காரணம் செல்வமிகுதி அன்று. அவை அனைத்தும் தன்னுடையன என்னும் துணிவே.

ஒழுங்கு என்பதன் வேரும் இதுவேயாம். அடியேன் இளமையிற் பயின்ற திருமடத்துப் பாடசாலையில், பாடம் முடிந்தபின் எடுத்த புத்தகத்தை எடுத்த இடத்தில் வைத்த பின்னரே பந்திக்குச் செல்லுதல் வேண்டும் என்பது விதி. பசியால் விரைந்து ஓடிய மாணாக்கர் உண்டு. அவரை ஆசிரியர் கடிந்துகொள்ளார். "புத்தகம் மடத்தினுடையது; நாளை இதனைத் தேடப்போகும் கை ஓர் அடியாருடைய கை" என்று மட்டும் கூறுவார். அறை அழகாகத் தோன்றல் வேண்டும் என்று அவர் ஒருநாளும் கூறியதில்லை. ஒரு பொருளை அதன் இடத்தில் வைத்தல், பின்வரும் ஒருவர்க்கு நாம் செய்யும் தொண்டு என்பதே அவர் உணர்த்தியது. அரிவாள்மணையைக் கண்ட இடத்தில் போட்டுச் செல்வான் ஒருவன், தனக்குப்பின் அடுக்களைக்கு வருபவரை மறந்தான் என்பதே பொருள்.

இனி, "பொருளைக் கழிப்பான் பற்றற்றவன் ஆதலின், கழித்தலே துறவு ஆகாதோ?" என்று ஒரு தடை நிகழும். அஃதொவ்வாது. திருநாவுக்கரசு நாயனார் வரலாற்றில் இரு நிகழ்ச்சிகளை ஒருங்கு வைத்து நோக்குக. திருப்புகலூரில் அவர் உழவாரத் திருப்பணி செய்யுங்கால், அப்படை நுழைந்த இடமெல்லாம் பொன்னும் நவமணியும் கிடந்து விளங்குமாறு இறைவன் செய்தருளினான். நாயனார் அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒப்பக் கொண்டு, உழவாரத்தால் ஏந்தி வாவியில் எறிந்தார். அவரே, திருவீழிமிழலையில் பஞ்சம் நேர்ந்தபொழுது, திருஞானசம்பந்தப் பிள்ளையாரோடு தாமும் பீடத்தில் நாடோறும் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுதளித்தார்.

பொன் ஒன்றே, அதனைத் தொட்ட கையும் ஒன்றே. ஓரிடத்தில் எறியப்பட்டது, ஓரிடத்தில் ஏற்கப்பட்டது. பொன்னை வெறுத்தலே துறவாயின், மிழலையில் அவர் காசு கொண்டது இழுக்காகும். பொன்னைக் காத்தலே அறமாயின், புகலூரில் அவர் எறிந்தது குற்றமாகும். இரண்டும் குற்றமில்லாதன ஆயினமைக்குக் காரணம், அவர் பொருளின் விலையை நோக்காது பணியினையே நோக்கினமை. திருமுற்றத்தில் அடியார் திருவடிக்குக் கல்லும் இடையூறு, மணியும் இடையூறு. பசித்த அடியார்க்கு அதே பொன் அமுதாகும். ஆதலின், ஒரு பண்டத்தைக் கையிலெடுத்தபொழுது, "இது விலையுயர்ந்தது ஆயிற்றே" என்று தயங்குதலும், "இது எனக்குச் சுமை" என்று வெறுத்தலும் ஒருங்கே விலக்கத்தக்கன. "இஃது இவ்விடத்தில் யார்க்கு என்ன பணி செய்கின்றது?" என்னும் வினாவே கேட்கத்தக்கது.

ஆணவத்தின் நுட்பம் இங்கே அறியத்தக்கது. குவிக்குங்கால் அது, "இவையெல்லாம் என்னுடையன" என்று நிமிரும். கழித்த பின்னரோ, "இவையெல்லாம் விட்டேன் யான்" என்று நிமிரும். வெறுமையான அறையின் நடுவில் அமர்ந்து தன் எளிமையை வியந்துகொள்வானது பற்று, பரணில் ஏறியிருந்த பற்றினும் குறைந்ததன்று. இன்னும் சிலர், ஒழுங்கு என்னும் பெயரால், இல்லத்திலுள்ள பிறர் போற்றி வைத்தனவற்றை அவரைக் கேளாமலே எறிந்துவிடுவர். முதியவள் ஒருத்தி முடிந்து வைத்த சிறு மூட்டை, மருமகள் கண்ணுக்குக் குப்பையாகத் தோன்றலாம். அதனைக் கழித்தற்கு உரியவள் அம்முதியவளே. பிறர் பற்றினை நாம் அறுத்தல் இயலாது. நம் பற்றினை அறுத்தலே நமக்கு விதித்தது.

இனிக் கழித்த இல்லம் சில திங்களில் மீண்டும் நிறைந்துவிடுதலை யாவரும் அறிவர். இதன் காரணத்தை வினை மூவகைப்படும் என்னும் சித்தாந்த உண்மையை உவமையாகக் கொண்டு விளக்கலாம். முன்னைப் பிறவிகளில் ஈட்டித் தொகுத்தது சஞ்சிதம். இப்பிறவியில் நுகரப்படுவது பிராரத்தம். நுகருங்கால் புதிதாக ஏறுவது ஆகாமியம். சஞ்சிதம் ஆசாரியன் அருளும் நிருவாண தீக்கையால் அழியும். பிராரத்தம் உடலூழாய் நுகர்ந்து ஒழியும். ஆகாமியம் ஞானத்தால் ஏறாது தடுக்கப்படும். இல்லத்திலும், பரணில் தொகுத்து வைத்தவை சஞ்சிதம் போல்வன. அன்றாடம் கையாளப்படுவன பிராரத்தம் போல்வன. நாள்தோறும் வாயில் வழியே வந்து ஏறுவன ஆகாமியம் போல்வன.

நம்மவர் ஆண்டிற்கொருமுறை பரணைத் துடைத்துச் சஞ்சிதத்தை நீக்குவர். ஆகாமியத்திற்கோ கதவைத் திறந்தே வைத்திருப்பர். முற்காலத்தில் ஒரு பொருளை வாங்கக் கடைக்கு நடத்தல் வேண்டும். அந்நடையே ஆசையைச் சிறிது ஆற்றும். இன்று கைப்பேசியை விரலால் தொட்ட அளவில் பொருள் வாயிலில் வந்து நிற்கின்றது. ஆசைக்கும் பொருளுக்கும் இடையே எண்ணுதற்கு இருந்த காலம் சுருங்கிவிட்டது. ஆதலின் அவ்விடைவெளியை நாமே உண்டாக்கிக்கொள்ளல் வேண்டும். வேண்டும் என்று தோன்றிய பொருளை ஒரு வாரம் கழித்து வாங்கலாம் என்று விட்டுவைப்பின், அவ்வாரத்தின் முடிவில் பெரும்பாலும் அவ்வேட்கை தானே அடங்கிப்போதல் காணலாம். வாயிலைக் காவாது பரணைத் துடைத்தல், மடையை அடைக்காது நீரை இறைத்தலை ஒக்கும்.

"பயன் ஒன்றையே நோக்கின், மறைந்த தாய்தந்தையர் விட்டுச்சென்றவற்றை என் செய்வது? தெய்வப் படங்களை எங்ஙனம் கழிப்பது? அது நன்றியின்மையும் சிவாபராதமும் ஆகாதோ?" என்று நல்லோர் பலர் அஞ்சுவர். இவ்வச்சம் போற்றத்தக்கதே. இதற்கு விடை நம் பூசை முறையிலேயே உள்ளது. நேற்று இறைவன் திருமுடியில் ஏறிய மலர் இன்று நிர்மாலியம். அதனைக் களைந்து சண்டேசுர நாயனார்க்கு உரியதாக்கிய பின்னரே இன்றைய மலர் சாத்தப்படும். நிர்மாலியத்தைக் களையாதிருத்தல் பத்தி ஆகாது. பூசைக்குக் குறையே ஆகும். அதனைக் காலால் மிதிபட எறிதலும் குற்றம். மதிப்போடு எடுத்தல், மதிப்போடு விடுத்தல் என்னும் இரண்டும் சேர்ந்ததே முறை. எத்துணைத் தூயதாயினும் ஒரு பொருட்குத் தன் பணி முடியும் காலம் உண்டு என்பதையும், பணி முடிந்தமையால் அது இகழ்தற்கு உரியதாகாது என்பதையும் நாள்தோறும் நம் கைகளே பயிலும்படி முன்னோர் அமைத்தனர்.

பெற்றோர் பொருளுக்கும் இதுவே நெறி. தந்தையார் பூண்ட உருத்திராக்க வடம், தாயார் சந்தனம் அரைத்த கல் என்பவற்றுள் ஒன்றனை நாள்தோறும் பூசையில் ஆளுவான், அவரை நாள்தோறும் நினைக்கின்றான். அவருடைய உடைமை முழுவதையும் பத்துப் பெட்டிகளில் பூட்டிப் பரணில் ஏற்றியவன், பெட்டியின் திறவுகோலையும் மறப்பான். எஞ்சியவற்றை உடுத்தற்கும் ஆளுதற்கும் உரியார் கையிற் சேர்த்தல், அவர் பெயரால் செய்யும் அறமாகவே முடியும். ஆயின், தான் அணிய நாணும் கிழிந்த ஆடையைப் பிறர்க்கு அளித்துவிட்டு அதனை ஈகை என்று கருதுதல் தகாது. கொடுப்பது துவைத்து மடித்ததாக இருத்தல் வேண்டும். பெறுவார் முகம் கோணாததாக இருத்தல் வேண்டும்.

இங்கே எதிர்ப்புறத்து ஒரு தீங்கினையும் எச்சரித்தல் கடமையாகின்றது. கழித்தலை விரைந்து செய்த இனம் இழந்தவை பல. பொருள் அறியாதார் வீட்டிலிருந்த ஓலைச்சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட வழக்கம் நம் நாட்டில் இருந்தது. 1887 ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர், ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க்குச் சென்றபொழுது, அத்திருக்கோயிலின் பழைய ஏடுகள் நெய்யில் தோய்த்துத் தீயில் ஓமஞ்செய்யப்பட்டன என்று கேட்டு மனம் புண்பட்டனர். அங்ஙனம் செய்தார் தீயவர் அல்லர். அதனை முறை என்றே கருதினர். தன் கையிலிருப்பது யாது என்று படித்தறியாமல் கழித்தலின் விளைவு அது.

குவித்து மறந்தாரும் அவரினும் மேம்பட்டவர் அல்லர். தில்லைத் திருக்கோயிலில் காப்பிடப்பெற்ற அறையுள் இருந்த தேவாரத் திருமுறைகளைப் புற்று மூடியிருந்தது என்றும், நம்பியாண்டார் நம்பிகளும் சோழமன்னனும் அதனைத் திறப்பித்துக் கண்டனர் என்றும், பெரும்பகுதி செல்லரித்தமை கண்டு மன்னன் வருந்த, இக்காலத்திற்கு வேண்டியவை எஞ்சியுள்ளன என்று இறைவன் திருவாக்கு எழுந்தது என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். வருந்திய அடியார்க்கு அருளிய அவ்வாறுதலைப் பின்வந்த நாம் நம் சோம்பலுக்குச் சான்றாகக் காட்டுதல் பெரும்பிழை. பூட்டி வைத்தல் காத்தல் ஆகாது என்பதே அந்த அறை நமக்குக் கற்பிப்பது. ஏடு, எடுத்து ஓதுவாரும் எண்ணெய் பூசுவாரும் படியெடுப்பாரும் உள்ளவரையிலேயே வாழும். புதுச்சேரியில் தொகுத்துப் பேணப்பெறும் ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகள் 2005 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அவை எண்ணி, பெயரெழுதி, பேணப்பட்டமையாலேயே அந்நிலை எய்தின. ஆதலின் வீட்டில் பழைய ஏடோ கையெழுத்துப் படியோ கிடைக்குமாயின், அறிந்தார் ஒருவர்க்குக் காட்டாமல் அதனைக் கழித்தல் கூடாது. காட்டாமல் மீண்டும் பரணில் ஏற்றுதலும் கூடாது.

இனிக் கழிக்கும் முறை பற்றிச் சில. போகியன்று பழையன எரித்தல் தொன்றுதொட்ட வழக்கு. அந்நாளில் எரிந்தவை கோரைப்பாயும் ஓலையும் துடைப்பமும்; அவற்றின் சாம்பல் மண்ணோடு மண்ணாயிற்று. இன்று எரிவன பிளாஸ்டிக்கும் வண்டிச் சக்கரத்து இரப்பரும். அவற்றின் புகை நஞ்சு. 2018 சனவரி 13 அன்று போகிப் புகை மூடியமையால் சென்னை விமான நிலையத்தில் விமானப் போக்குவரத்தே தடைப்பட்டது. தன் இல்லத்தைத் தூய்மை செய்து அயலார் குழந்தையின் மூச்சில் நஞ்சினைக் கலத்தல் அறமோ? வழக்கின் பெயர் பழையதேயாயினும் எரிகின்ற பொருள் வேறாகிவிட்டது. ஆதலின் பழையன கழித்தல் என்னும் கருத்தைக் கொண்டு, எரித்தலை விடுதலே தக்கது. கைப்பேசியின் மின்கலம் முதலியவற்றையும் குப்பையோடு கலவாது, அவற்றைப் பிரித்தெடுப்பாரிடம் சேர்த்தல் வேண்டும்.

பழைய தெய்வப் படங்களையும் பின்னமுற்ற உருவங்களையும் அரசமரத்தடியிலும் திருக்கோயில் மதிலோரத்திலும் வைத்துவிட்டு வருதல் இந்நாளில் பெருவழக்காயிற்று. வைத்தவர்க்குக் கடன் தீர்ந்தது போன்ற நிறைவு உண்டாகும். அடுத்த நாள் மழை நனைத்து, நாய் மிதித்து, உடைந்த கண்ணாடி அங்கே கிடக்கும். அப்பர் பெருமான் திருக்கோயிலிலிருந்து இடையூற்றை நீக்கினார்; நாமோ நம் வீட்டு இடையூற்றைத் திருக்கோயிலில் கொண்டுபோய் இறக்குகின்றோம். சட்டமும் கண்ணாடியும் நீக்கி, தாளை நீரிற் கரைத்துச் செடியின் அடியில் மண்ணுக்குள் இடுதல், இல்லத்திலேயே மதிப்போடு செய்யத்தக்க செயல். அதனினும் சிறந்தது, வழிபடுதற்கு வேண்டாத படங்களை வாங்காதிருத்தல்.

இதுகாறும் கூறியவாற்றால், கழித்தல் கையின் தொழில் என்பதும், துறத்தல் அறிவின் நிலை என்பதும் போதரும். துறவாமல் கழிப்பவன் மீண்டும் குவிப்பான். துறந்தவன் கழித்தற்கு உரியதனைக் கழிப்பான். காத்தற்கு உரியதனைக் காப்பான். இரண்டிலும் அவனுக்கு வருத்தம் இல்லை. சிவஞானபோதத்தின் பத்தாம் சூத்திரம் உயிர் இறைவனோடு ஒன்றி நின்று அவன் பணியில் வழுவாது நிற்றலைப் பாசம் நீங்குதற்கு வழியாக வகுத்தது. அப்பெருநிலைக்கு நாம் எவ்வளவு தொலைவில் உள்ளோமாயினும், அதன் ஒரு சிறு பயிற்சி நம் இல்லத்து அலமாரியிலேயே தொடங்கலாம். ஒரு நாளில் ஒரு தட்டினை மட்டும் எடுத்து, அதிலுள்ள ஒவ்வொன்றையும் இறைவன் பொருள் என்று கையிற் கொண்டு, இருத்தற்குரியதனை அதன் இடத்தில் இருத்தி, செல்லுதற்குரியதனை உரியவரிடம் செலுத்துக. உலகத்துப் பொருள் முழுவதும் அவனுடையது என்று ஓதுதல் எளிது. தன் கையிலுள்ள ஒரு செம்பினை அவனுடையது என்று உணர்ந்து வைத்தலே அரிது. அரியதனைச் சிறிது சிறிதாகப் பயில இறைவன் திருவருள் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.